வாய்க்கால் வெட்டிய கைக்கு ஒரு காகிதம்

பெருநாள் விடுமுறைக்குக் கூத்தாநல்லூரிலிருந்து வேன் பிடித்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஜாம்பவானோடையில் படகு ஏறினால் இருபுறமும் பச்சைச் சுவர்தான். அடுத்த முறை போனால் ஓர் இலையைப் பறிக்காமல் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். குடித்த கடல்நீரின் உப்பை இலை வழியே கக்கிவிடுகிற மரம் அது. கரையில் பென்சில் நட்டாற்போல் நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள்.

அந்தக் காடு நமக்கு அந்நியமில்லை. நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற கோரையாறும் பாமணியாறும் அங்கேதான் கடலைச் சேர்கின்றன. வயலில் நாம் அடித்த மருந்தும் ஆற்றில் வீசிய பிளாஸ்டிக் பையும் போய்ச் சேருவது அந்த வேர்களின் காலடியில்தான்.

ஒரு காலத்தில் அரசே அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்தது. வெயில் பட்ட சேறு காய்ந்து, தரை தாம்பாளம்போல் குழிந்தது. உள்ளே வந்த ஓதத் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. நீர் ஆவியாக உப்பு மட்டும் தங்கி, முளைத்த கன்று கருகியது. பழியை ஆடு மாட்டின் மேலும் விறகு பொறுக்கிய பெண்கள் மேலும் போட்டார்கள். உண்மையான நோய் தண்ணீர் ஓட்டத்தில் இருந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோரக் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் வெறுஞ்சேறு மறுபடி பச்சை பிடித்தது.

வாய்க்கால் வெட்டுவது அங்குள்ள மீனவர்களுக்குப் புதிதல்ல. காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் இழுத்து, அதில் ஏறிவரும் மீனைப் பிடிப்பது அவர்களது பழைய தொழில்முறை. ஆனால் இடம் காப்புக்காடு. பாட்டன் வெட்டிய வாய்க்காலில் பேரன் இறங்கினால், சட்டப்படி அத்துமீறல் என்று சொல்ல முடியும்.

கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் கிராம வனக்குழுக்கள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் 1990 ஜூன் மாதம் மத்திய அரசு அனுப்பிய ஒரு சுற்றறிக்கையில் பிறந்த ஏற்பாடு அது. திட்டப் பணம் தீர்ந்தால் குழு தூங்கிவிடும். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

உரிமையைத் தருவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடியினருக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, பிழைப்புக்குக் காட்டை நம்பியிருந்த மற்றவர்களும் கேட்கலாம். மீன்பிடி உரிமை அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையும் இருக்கிறது. முந்தையதற்குப் படிவம் பி, பிந்தையதற்குப் படிவம் சி. இரண்டும் இலவசம். தமிழ்நாட்டில் 2008-லிருந்து 2016 வரை நீதிமன்ற உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிக் கிடந்தது. இன்றைக்கு அந்தத் தடை இல்லை.

மனு கிராம சபையில் தொடங்கும். சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். சாட்சிக்கு என்ன செய்வது என்று கலங்க வேண்டாம். பெரியவர்களின் வாக்குமூலம், பழைய அரசு ஆவணம், பரம்பரையாக மீன் பிடிக்கும் இடம், எல்லாவற்றையும் விதிகள் சாட்சியாக ஏற்கின்றன. பாட்டன் வெட்டிய அந்த வாய்க்காலே சாட்சிதான். சபையின் தீர்மானத்தில் குறை இருந்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம். அதைத் தாண்டி நேரே மாவட்டக் குழுவுக்கு ஓடினால் மனு நிற்காது.

"காட்டில் பட்டா வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த உரிமையை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. மரம் வெட்ட அனுமதி என்றும் அர்த்தமில்லை.

கூத்தாநல்லூர் நகராட்சி, இங்கே கிராம சபை கிடையாது. அதற்காக நமக்கு வேலையில்லை என்று ஆகிவிடாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் மரம், மீன், பறவையைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். நம் ஊர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். ஆற்றங்கரை அரசு மரத்தில் கோடாரி விழுந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு அனுமதித்ததா என்று கேளுங்கள்.

கரையோரக் கிராமத்தில் உங்களுக்கு உறவோ கூட்டாளியோ இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வன உரிமைக் குழுவைப் பற்றி ஒருவராவது எழுந்து கேட்கட்டும், அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லட்டும்.