சுவரைத் தாண்டிய ஜெபம்

கண்ணிமையால் ஒரு சொல்லை எழுத முடியுமா? 1966 மே மாதம் வட வியட்நாமின் ஹனோயில் ஜெரமையா டென்டன் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி எழுதிக் காட்டினார். பத்து மாதமாகச் சிறையில் கிடந்த மனிதரைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். ஜப்பானியச் செய்தியாளர் ஒருவர் கேள்வி கேட்டார். டென்டன் வாயால் பதில் சொன்னார், கண்ணால் வேறொன்று சொன்னார். எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் தந்தி ஆபீஸ்களில் ஒரு காலத்தில் ஓடிய அதே மோர்ஸ் குறியீடுதான். குறிலும் நெடிலுமாக எழுத்தைப் பிரிப்பது. சட்டென்று சிமிட்டினால் குறில், இமையை ஒரு கணம் மூடி வைத்துத் திறந்தால் நெடில். ஆங்கில எழுத்து டி-க்கு ஒரு நெடில். ஓ-வுக்கு மூன்று நெடில். ஆர்-க்குக் குறில், நெடில், குறில். மறுபடி டி. யு-வுக்கு இரண்டு குறில், ஒரு நெடில். மறுபடி ஆர். கடைசி ஈ-க்கு ஒரே குறில். மொத்தம் பதினைந்து சிமிட்டல். கூட்டிப் படித்தால் 'டார்ச்சர்'. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவதுபோல நடித்ததால் காவலர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. படம் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது கடற்படை உளவுத்துறையினர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டார்கள். கைதிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது.

அதே பேட்டியில் வியட்நாம் போரைப் பற்றிக் கேட்டபோது, தன் அரசின் நிலைப்பாடு எதுவோ அதை உயிருள்ளவரை ஆதரிப்பேன் என்றார். சிறைபிடித்தவர்கள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தே சொன்னார்.

யார் இவர்? 1924 ஜூலை 15 அன்று அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். 1946-இல் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் பட்டம், அந்த ஜூன் மாதமே ஜேனுடன் திருமணம். பிள்ளைகள் ஏழு பேர். 1965 ஜூலை 18 அன்று, 41 வயது நிறைந்த மூன்றாம் நாள், இன்டிபென்டன்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஏ-6 இன்ட்ரூடர் விமானத்தில் கிளம்பினார். தான் ஹோவா நகர்ப் பக்கம் விமானம் அடிபட்டது. அவரும் உடன் பறந்த பில் சூடியும் குதித்துப் பிடிபட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் குண்டு போடப் போனவர். அந்த மார்ச் மாதம் தொடங்கிய குண்டுவீச்சில் வியட்நாமியக் குடும்பங்கள் செத்துக்கொண்டிருந்தன. பிடித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முறைப்படி போர் அறிவிக்கப்படவில்லை, ஆகவே நீங்கள் போர்க்கைதிகள் இல்லை, குற்றவாளிகள் என்று அவர்கள் வைத்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. போர்க்கைதிகளைப் பற்றிய ஜெனீவா உடன்படிக்கையில் வட வியட்நாம் 1957-லேயே சேர்ந்திருந்தது. கயிற்றால் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டித் தோள்மூட்டு பிசகும்வரை இறுக்குவதை எந்தக் கோபமும் நியாயப்படுத்தாது.

சரி, சிறைக்குள் இவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஹோவா லோ சிறையில் கைதிகளைத் தனித்தனிக் கொட்டடியில் போட்டார்கள், பேச்சுக்குத் தடை. கண்ணால் மோர்ஸ் அடிக்கலாம், சுவரில் அடிக்க முடியாது. ஏனென்றால் தட்டுக்கு நீளம் கிடையாது. விரல்முட்டியால் சுவரைத் தட்டினால் எல்லாத் தட்டும் குறில்தான். ஸ்மிட்டி ஹாரிஸ் என்ற விமானப்படை அதிகாரி பயிற்சிக் காலத்தில் எப்போதோ இடைவேளையில் கேட்டிருந்த ஒரு முறையை அங்கே நினைவுக்குக் கொண்டுவந்தார். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து எழுத்து என்று ஒரு கட்டம். 26 எழுத்தை 25 கட்டத்தில் அடைக்க வேண்டுமே? கே-யை நீக்கிவிட்டு சி-யையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். முதலில் எத்தனையாவது வரிசை என்று தட்ட வேண்டும். சிறிது நிறுத்தி, அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று தட்ட வேண்டும். அவ்வளவுதான். புதிதாக வருகிறவனுக்கு யாராவது எப்படியாவது இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தட்ட வழியில்லாதபோது இருமலும் தும்மலும் துடைப்பத்தின் வீச்சும் அதே கணக்கில் போயின.

இரவு தூங்கப் போகும் முன் சுவரில் அடிக்கடி கேட்ட மூன்று எழுத்துகள் ஜி, பி, யு. 'கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஜி-க்கு இரண்டும் இரண்டும், பி-க்கு ஒன்றும் இரண்டும், யு-வுக்கு நான்கும் ஐந்தும். பதினாறு தட்டு. மாட்டினால் அடி நிச்சயம் என்ற இடத்தில் ஒருவன் இன்னொருவனுக்காக அந்தப் பதினாறையும் தட்டினான். டென்டனின் பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் தனிமையில் செய்த ஜெபத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்தத் தட்டுதான் பெரிதாகப் படுகிறது. அங்கே விசுவாசம் ஒருவர் மனசுக்குள் அடங்கிய ஆறுதலாக இருக்கவில்லை, அடுத்த கொட்டடிக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சைகை வரும். கத்தோலிக்கர், பிராட்டஸ்டண்ட் என்ற பேதமில்லாமல் அவரவர் கொட்டடியில் அந்த வேளையில் ஜெபித்தார்கள். டென்டன் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி மனசுக்குள்ளேயே கவிதை கட்டினார், எழுதுகருவி ஏது?

சித்திரவதையின் உச்சத்தில், தன்னால் இனி முடியாது என்ற நிலையில், எல்லாவற்றையும் கடவுள் கையில் விட்டுவிட்டதாகவும் அதன்பின் ஓர் அமைதி வந்ததாகவும் பிற்பாடு எழுதினார். அவருக்கு நேர்ந்ததை நான் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் கைதிகளிடையே நிலவிய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முடிந்தவரை தாங்கு, உடைந்துபோனால் மனம் விடாதே, மறுபடி எழுந்து நில். வலி தாங்காமல் எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் குற்ற உணர்வில் வெந்துபோவான். அதைச் சுவரில் தட்டிச் சொல்வான். எங்களுக்கும் அதுதான் நடந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டுப் பழகிய டென்டனுக்கு இதன் அருமை கூடுதலாகவே புரிந்திருக்கும்.

1967 அக்டோபரில், மற்றவர்களைத் தூண்டிவிடுகிறவர்கள் என்று பதினொரு பேரைப் பிரித்தெடுத்து வேறோர் இடத்தில் அடைத்தார்கள். டென்டன் அதில் ஒருவர், ஜேம்ஸ் ஸ்டாக்டேல் இன்னொருவர். கைதிகள் அதற்கு அமெரிக்கச் சிறையொன்றின் பேரான அல்கட்ராஸ் என்பதையே வைத்தார்கள். ஜன்னலில்லாத காங்கிரீட் அறை, இரவில் கால்விலங்கு. 1969 டிசம்பருக்குள் பத்து பேர் அங்கிருந்து வேறு சிறைக்கு மாற்றப்பட்டார்கள். பதினோராமவரான ரான் ஸ்டார்ஸ் சிறையிலேயே இறந்தார்.

இந்நேரம் வர்ஜீனியா பீச்சில் ஜேன் ஏழு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். கைதிகளின் மனைவிமார் வாய் திறக்கக் கூடாது என்பது அப்போது அமெரிக்க அரசின் அறிவுரை. பேசினால் கணவர்களுக்கு ஆபத்து என்றார்கள். ஸ்டாக்டேலின் மனைவி சிபில் போன்ற பெண்கள் அந்த அறிவுரையை மீறித் திரண்டார்கள், ஜேனும் அந்த இயக்கத்தில் இருந்தார். 1969-இல் அரசும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. அந்த ஆண்டுக் கடைசியில் சிறையில் சித்திரவதை வெகுவாகக் குறைந்தது. செப்டம்பரில் ஹோ சி மின் இறந்ததும் ஒரு காரணம். ஆனால் வீட்டுப் பெண்களின் குரலைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

1973 பிப்ரவரி 12 அன்று, ஏழரை ஆண்டுக்குப் பிறகு, விடுதலையானவர்களின் முதல் விமானம் பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் இறங்கியது. முதலில் வெளியே வந்தவர் டென்டன். நாட்டுக்குச் சேவை செய்யக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி சொன்னார், கடவுளின் ஆசியைக் கேட்டார். அந்த ஏழரை ஆண்டில் ஏறத்தாழ நான்கு ஆண்டு தனிக்கொட்டடியில் கழிந்திருந்தது.

பின்னர் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்று, 1981 முதல் 1987 வரை அலபாமாவின் செனட்டராக இருந்தார். அவருடைய அரசியல் கறாரான வலதுசாரி அரசியல், பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சட்டத்தை மட்டும் மனமாரப் பாராட்டுவேன். அமெரிக்க ராணுவத்தின் சரக்கு விமானம் எப்படியும் போகிற வழியில், அதில் காலி இடம் இருந்தால், தொண்டு நிறுவனங்கள் ஏழை நாடுகளுக்கு அனுப்பும் நிவாரணப் பொருள்களைக் கட்டணமில்லாமல் ஏற்றிச் செல்லலாம் என்று அவர் வழிசெய்தார். 2014 மார்ச் 28 அன்று 89 வயதில் அவர் காலமானார். அந்த நிவாரணத் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.