விடுதலை ஆனவருக்கு எந்தத் தலைப்பில் பணம்?

பொட்டிபுரம், ராசிங்காபுரம், சிலமலை என்று தேனி மாவட்டம் போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் கிளம்புவது விடியும் முன்பு. போடிமெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் களையெடுப்புக்கும் காய் எடுப்புக்கும் போய் அந்தியில் திரும்புவார்கள். இந்த வேலைக்கு விண்ணப்பமோ சான்றிதழோ கிடையாது. கங்காணியோ ஜீப்காரரோ தெரிந்தவராக இருந்தால் போதும். சிறைக்குப் போய்வந்தவருக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் நிபந்தனை ஜாமீனில் வந்தவர் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன் உத்தரவுகளில் அடிக்கடி பார்க்கும் நேரம் அது. பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டவரை ஏற்றிக்கொள்ள எந்த ஜீப்பும் காத்திருக்காது. அப்படி இழக்கும் கூலி எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சிறையிலிருந்து வந்தவர் மறுபடி காலூன்றுவதற்கான செலவை யார் ஏற்பது? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் நான்காவது இனம். ஆகவே முதல் பொறுப்பு மாநில அரசுடையது. மதிலுக்குள் இருக்கும்வரை சாப்பாடு, மருத்துவம், காவல், தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் தனித்தனித் தலைப்பு உண்டு. தண்டனை முடிந்து வாசலைத் தாண்டும்போது ஊர் போய்ச் சேர வழிச்செலவு தருவார்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் உரிமையாக வருவதில்லை, உதவியாக வருகிறது.

அந்த உதவியைத் தமிழ்நாட்டில் தருவது விடுதலை பெற்ற சிறைவாசிகள் உதவிச் சங்கம். கறவை மாடு, தையல் எந்திரம், இஸ்திரி வண்டி, பெட்டிக்கடை போன்ற சிறு தொழிலுக்குக் கைகொடுப்பது அதன் வேலை. மனுவை விசாரிப்பவர் நன்னடத்தை அலுவலர். சங்கம் என்ற அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. துறைக்கு ஒதுக்கீடு என்றால் சங்கத்துக்கு மானியமும் நன்கொடையும்தான். மானியம் கூடும் ஆண்டில் மேடை போட்டுக் காசோலை கொடுக்கலாம். குறையும் ஆண்டில் மனு காத்திருக்கும்.

கூட்டமாக விடுதலை செய்யும்போது இது பளிச்சென்று தெரியும். அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008 செப்டம்பர் 15 அன்று 1,405 ஆயுள் சிறைவாசிகள் விடுதலையானார்கள். 2021இல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 பேரை முன்கூட்டியே விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. விடுதலைக்குத் தேதி குறிக்கத் தலைவர்களின் பிறந்தநாள் இருக்கிறது. வெளியே வந்த ஆறாவது மாதம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு அப்படி ஒரு நாள் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. 2022 முடிவில் நாடு முழுவதும் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். இவர்களில் பலர் ஜாமீனிலோ வழக்கே தள்ளுபடியாகியோ வெளியே வருபவர்கள். மறுவாழ்வுத் திட்டங்களோ தண்டனை முடித்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குற்றம் நிரூபணம் ஆனவருக்குத் தையல் எந்திரத்துக்காவது மனுப் போட வழி இருக்கிறது. நிரபராதி என்று தீர்ப்பாகி வருபவர் வெறுங்கையோடு பஸ் ஏறுகிறார். இந்த வினோதத்தை எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதி நான் பார்த்ததில்லை.

மத்திய அரசின் பணம் எங்கே போகிறது? 2021 முதல் 2026 வரை சிறைகளை நவீனப்படுத்த 950 கோடி ரூபாய். அதில் சீர்திருத்தம் என்ற சொல்லும் உண்டு. முன்னால் நிற்பது பாதுகாப்புக் கருவிகள். 2023இல் வந்த ஏழைச் சிறைவாசிகள் உதவித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 கோடி. திட்டம் வந்தபோது அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும், ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும் தருவதாக விதி இருந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் வாசல்வரைதான் வரும். நீதிபதி முல்லா குழு 1983இலேயே விடுதலைக்குப் பிந்தைய கவனிப்பைப் பற்றி விரிவாக எழுதியது. அதே ஆலோசனை 2016 மாதிரிச் சிறைக் கையேட்டிலும், 2023 மாதிரிச் சட்டத்திலும் திரும்ப வந்தது. மாதிரிச் சட்டத்தை ஏற்பதா என்பது மாநிலத்தின் விருப்பம்.

அரசுப் பணத்தில் மறுவாழ்வு தருவதற்குத் தேனிச் சீமையில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு, கசப்பானது. 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறமலைக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைக்க வேண்டும், இரவில் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காலத்தில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற ஏற்பாடும் வளர்ந்தது: பள்ளி, விடுதி, கூட்டுறவுச் சங்கம். நீதிமன்றம் தண்டித்தவர்களுக்காக வந்ததல்ல இது. அரசே குற்றவாளி ஆக்கியவர்களுக்கு அரசே செய்த சீரமைப்பு. அதன் கண்காணிப்பு நோக்கத்தை மறந்துவிட முடியாது. ஆனாலும் பணக் கணக்காகப் பார்த்தால் ஒன்று புரியும். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தான பிறகும் அந்தத் துறை இருந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. 2023 நிதிநிலை அறிக்கை இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கலாம் என்றதும் உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. கட்டடமும் ஆசிரியர் பணியிடமும் தனித் தலைப்பும் இருந்ததால் நூறு ஆண்டு ஓடியது. சிறைவாசிகள் சங்கத்துக்கு இது மூன்றும் வாய்க்கவில்லை.

மதுவிலக்குத் துறையையும் இதே கண்ணால் பார்க்கலாம். கள்ளச்சாராயத் தொழிலை விட்டு மனம் திருந்தியவருக்கு மறுவாழ்வு நிதி என்று அந்தத் துறை பல ஆண்டுகள் ஆளுக்கு 30,000 ரூபாய் என்ற அளவில் தந்திருக்கிறது. துறைக்கென்று ஒரு தலைப்பு இருந்தது, பணமும் வந்தது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் பேசப்படும் கஞ்சா வழக்குகள் வேறு சட்டத்தின் கீழ் வருபவை. இந்த நிதி அவற்றை எண்ணி உருவானதல்ல.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கியில், நன்னடத்தை அலுவலர் சமூகநீதித் துறையின் ஆள். தமிழ்நாட்டில் அவர் சிறைத் துறைக்குள் இருக்கிறார். சின்ன வேறுபாடு போலத் தெரியும். உதவி கேட்டுப் போகிறவருக்கு அப்படி இல்லை. பூட்டி வைத்த துறையிடமே மனுவோடு போய் நிற்பதும் வேறொரு துறையின் மேஜை முன் உட்காருவதும் அவருக்கு ஒன்றாகாது. மகாராஷ்டிரத்தில் 2022 மே மாதம் எரவாடா சிறையில் ஜிவ்ஹாளா என்ற கடன் திட்டம் தொடங்கியது. உள்ளே இருக்கும்போதே கூட்டுறவு வங்கி 50,000 ரூபாய் வரை 7 சதவீத வட்டிக்குத் தருகிறது. சிறையில் ஈட்டும் கூலியிலிருந்து கடன் கழிகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குச் சிறையிலிருந்து பணம் அனுப்பிய அப்பாவுக்கு வீட்டில் இன்னும் இடம் இருக்கும். இது வேண்டுமென்றே செய்த கணக்கோ தற்செயலோ, எனக்கு இதில் பிடித்தது அதுதான். அமெரிக்காவில் 2008இல் வந்த இரண்டாம் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் கூட்டரசே நேரடியாக மானியம் தருகிறது. சிங்கப்பூரின் மஞ்சள் ரிப்பன் இயக்கம் 2004இல் தொடங்கி, வேலைக்கு எடுக்கும் முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டுச் சிறைத் துறையும் சும்மா இல்லை. சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்குகள் வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டையில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் புழலில் பெண்கள் நடத்தும் பங்கு திறந்தது. அவை நகரத்து வேலைகள். போடிக்குத் திரும்புகிறவருக்காகக் காத்திருப்பது ஏலக்காய் ஸ்டோரும் மருந்தடிப்பும்தான். அந்த முதலாளி பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருக்கிறார். சென்னையில் தீட்டும் வேலைவாய்ப்புத் திட்டம் போடிமெட்டுச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடும்.

திட்டம் வரும்வரை செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்த, அல்லது வாரத்துக்கு ஒரு நாளாக மாற்ற, ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ இலவச உதவி கேட்கலாம். மனுவில் தோட்ட வேலை நேரத்தையும் ஜீப் கிளம்பும் நேரத்தையும் எழுதிவிட வேண்டும்.