உங்களுக்குத் தெரியுமா? பஞ்சத்தை மரத்தில் செதுக்கினார்கள்

1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்தை லண்டன் பத்திரிகை வாசகர்கள் கண்டது மரத்தில் செதுக்கிய படங்களாக! புகைப்படத்தை எழுத்துகளோடு சேர்த்து அச்சிடும் வசதி அப்போது இல்லை.

• ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற வார இதழ்களில் பெரிய படம் என்றால், பாக்ஸ்வுட் மரத்துண்டுகளைத் திருகாணியால் இணைத்து அதன்மேல் வரைவார்கள். பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டு. ஒட்டிய கன்னத்தை ஒருவர் செதுக்க, அதே உடம்பின் விலா எலும்பை வேறொருவர் செதுக்குவார். மறுபடி பூட்டி அச்சுக்கு அனுப்புவார்கள்.

• இங்கே பட்டினியால் வாடியவர்களைப் புகைப்படம் எடுத்தவர் ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர்.

• ஏழ்மையை அச்சில் காட்டுவது பழைய மரபு. 1630இல் ஓவியர் ரெம்பிராண்ட், செப்புத் தகட்டில் பொறித்த ஒரு பிச்சைக்காரருக்குத் தன் முகத்தையே கொடுத்தார்.

• திருவான்மியூர், சோழிங்கநல்லூர் பக்கம் நாம் தினமும் கடக்கும் பக்கிங்காம் கால்வாயில், அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது.

• 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்த ஆணுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா. மண் சுமக்கும் உடம்புக்கு இது எப்படிப் போதும்? போதாது என்று விடாமல் வாதாடினார் சென்னை சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அதே ஆண்டில் கூலி உயர்ந்தது.