உங்களுக்குத் தெரியுமா? கணினி விட்டுக் கணினி பாயும் கோப்புகள்

அலுவலக மேசையில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ், வடிவமைப்பாளரிடம் மேக். மூன்றுக்கும் நடுவே கோப்புகளை இரவோடிரவாகக் கொண்டுசேர்க்க ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் போதும். ஆனால் சின்னச் சின்ன வழக்கங்களில்கூட இவை ஒத்துப்போவதில்லை. எங்கெங்கே முரண்படுகின்றன என்று தெரிந்து எழுதிய ஸ்கிரிப்ட்தான் நம்பி விடக்கூடியது.

● முதல் விதி எழுதியவர் இந்தியர். கோப்புப் பரிமாற்றத்துக்கான எப்.டி.பி. நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தார்.

● திருட்டிலிருந்து பிறந்த காவல். எப்.டி.பி. கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோயின. உடனே அங்கிருந்த டாட்டு யுலோனென், தகவலை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை எழுதினார். இதில் சாவிக் கோப்பு வைத்து நுழையலாம். ஸ்கிரிப்டுக்குள் கடவுச்சொல் எழுதவே வேண்டாம். 2018 முதல் விண்டோஸ் 10லும் இது கூடவே வருகிறது.

● மாறியது மட்டும் போனால் போதும். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியை ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டனர். பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி, துண்டுக்கொரு சரிபார்ப்பு எண்ணை அனுப்பும். அனுப்பும் கணினி அவற்றைத் தன் கோப்போடு ஒப்பிட்டு, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். விண்டோஸ் கோப்புறைகளை லினக்ஸோடு பகிர வைத்த சாம்பாவைத் தொடங்கியவரும் இதே டிரிட்ஜெல்தான்.

● ஒரு சாய்கோட்டின் விலை. ஆர்சிங்க் கட்டளையில் மூலக் கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் கோப்புறையும் சேர்ந்து போகும். 'டிலீட்' விருப்பத்தோடு இதில் தவறினால் மறுமுனையில் இருப்பது அழிந்துபோகலாம். 'டிரை ரன்' விருப்பத்தில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

● வரி முடிவிலும் வேற்றுமை. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற இரு குறிகளால் முடிக்கும். லினக்ஸுக்கு 10 மட்டும். விண்டோஸ் பாணியில் சேமித்த ஸ்கிரிப்ட் லினக்ஸில் முதல் வரியிலேயே நின்றுவிடக் காரணம் இதுதான். 'டாஸ்டுயூனிக்ஸ்' கட்டளை சரிசெய்துவிடும்.

● 'கோவை' இரண்டாகும். யூனிகோடில் 'கோ'வை இருவிதமாகப் பதியலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று. மேக்கின் பழைய எச்.எப்.எஸ். பிளஸ் கோப்பு முறை பிரித்தே சேமிக்கும்; லினக்ஸ் வந்ததை வந்தபடி வைக்கும். அதனால் பார்வைக்கு ஒரே பெயருள்ள 'கோவை' லினக்ஸில் இரண்டு தனிக் கோப்புகளாக நிற்கலாம். 'கொ', 'கௌ' வரிசைக்கும் இதே கதி. ஆர்சிங்க் 3ஆம் பதிப்பில் வந்த 'ஐகான்வ்' விருப்பம் இதற்குத்தான். தமிழில் பெயரிடுவதை விட வேண்டாம். இந்த விருப்பத்தைச் சேருங்கள்.

● வெற்றிக்கு எண் 1. கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணைத் தரும். லினக்ஸ் கட்டளைகள் பொதுவாக 0 தந்தால் வெற்றி. விண்டோஸின் ரோபோகாப்பியோ கோப்புகளை நகலெடுத்து முடித்ததும் 1 தரும். நகலெடுக்க எதுவும் இல்லையென்றால்தான் 0. தோல்வி 8இல் தொடங்குகிறது.

● கிரானுக்கு முழு முகவரி. கையால் இயக்கினால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் வழியே இரவில் ஓடாமல் போவதுண்டு. நீங்கள் உள்நுழையும்போது அமையும் பாதைகளைக் கிரான் அறியாது. கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள்.

● சேர்ந்ததா என்பதற்குச் சான்று. கோப்பு மாறாமல் போயிருந்தால், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்.எச்.ஏ.-256 மதிப்பு, 64 இலக்கங்களும், மூன்று இயங்குதளங்களிலும் ஒன்றாகவே இருக்கும். விண்டோஸின் பவர்ஷெல் அதைப் பெரிய எழுத்திலும் லினக்ஸ் சிறிய எழுத்திலும் காட்டும் என்பதால், எழுத்தளவைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடச் சொல்லுங்கள். இந்த ஒப்பீடு முடிந்த பிறகே மூலக் கோப்பை அழிக்கும் வரி வரட்டும்.