ஒகேனக்கல் பாறை முதல் வீட்டு வாசல் வரை: நடமாடும் மசாஜ் தொழில் தொடங்குவது எப்படி?

ஒகேனக்கல் போய் வந்தவர்களிடம் கேட்டால் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். பரிசல், மீன் வறுவல், அப்புறம் எண்ணெய் மசாஜ். பாறையில் உட்கார வைத்து, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, தட்டி, நீவி விடுவார்கள். அப்படியே போய் அருவியில் நின்றால் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும். தருமபுரி மாவட்டத்துக்கே அடையாளமான தொழில் இது.

ஆனால் இந்தத் தொழிலின் சாவி காவிரியின் கையில் இருக்கிறது. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியபோதும் அதுதான் நடந்தது. குளியல் இல்லையென்றால் மசாஜுக்கு ஆள் ஏது? அன்றைய வருமானம் பூஜ்யம்தான்.

அருவிக்கு ஆள் வராத நாளில், தொழிலாளி ஆள் இருக்கும் இடத்துக்குப் போகலாமே? வீட்டையே அலுவலகமாக்கி, போனில் முன்பதிவு வாங்கி, வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் செய்வதுதான் நடமாடும் மசாஜ். பெரு நகரங்களில் இதை ஆப் மூலம் பழக்கப்படுத்தியது 2014-ல் தொடங்கிய அர்பன் கம்பெனி. தருமபுரி, பென்னாகரம், அரூர் மாதிரி ஊர்களில் ஒரு பைக்கும் வாட்ஸ்அப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பதிவும் பணமும்

முதலில் உத்யம் பதிவு. ஆதார், பான் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் நாமே செய்யலாம். கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இந்தச் சான்றிதழ் இருந்தால் வங்கியில் பேசுவது சுலபம். முத்ரா திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். மடக்குக் கட்டில், துண்டு, விரிப்பு, எண்ணெய் வாங்க இவ்வளவு போதும். கிடைக்கிறதே என்று முழுத் தொகையையும் வாங்கிவிடாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை.

கட்டணம் எப்படி வைப்பது?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மணி நேர மசாஜுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கு 80 ரூபாய், எண்ணெய்க்கு 60, துணி துவைக்க 30. மிச்சம் 430. பயணத்தையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு இரண்டரை மணி நேரம் போய்விடும். ஒரு நாளில் மூன்று வீட்டுக்கு மேல் முடியாது, கையும் தாங்காது. அதனால், 'இன்னைக்கு பென்னாகரம், நாளைக்கு பாலக்கோடு' என்று ஏரியா வாரியாக நாள் ஒதுக்கினால் பெட்ரோலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

எதைச் சொல்லக் கூடாது?

'பக்கவாதம் குணமாகும், வாதம் போகும்' என்று நோட்டீஸ் அடித்தால் சிக்கல். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954, இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்கிறது. உடல் அசதிக்கு, ஓய்வுக்கு என்று மட்டும் சொல்லுங்கள். பிசியோதெரபி தனிப் படிப்பு. அந்தப் பெயரை மசாஜுக்குப் போடக் கூடாது.

காய்ச்சல், தோல் தொற்று, புதிய எலும்பு முறிவு இருப்பவர்களுக்குச் செய்யக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. நேராக டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

பாதுகாப்பு

'மசாஜ்' என்ற வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு போன் செய்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பேச்சு தடம் மாறினால் அழைப்பைத் துண்டித்து எண்ணை பிளாக் செய்யுங்கள். புது வாடிக்கையாளரின் பெயர், முகவரியை வாங்காமல் கிளம்பாதீர்கள். லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். பெண்களுக்குப் பெண்களே செய்வது என்று வைத்துக்கொண்டால் குடும்பங்கள் தயங்காமல் கூப்பிடும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

பயிற்சிச் சான்றிதழ், உத்யம் பதிவு, அடையாள அட்டை மூன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும். மசாஜ் நிலையமாகப் பலகை மாட்டி வீட்டிலேயே வாடிக்கையாளர்களை வரவழைப்பதாக இருந்தால், உரிமம் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கைத்தொழில் கையில் இருக்கிறது. பத்து வீடுகளில் நல்ல பெயர் வாங்கிவிட்டால், ஆற்றில் வெள்ளம் வரும் நாளிலும் போன் அடிக்கும்.