ஆங்கிலச் சொல்லாக்கத்தில் முன்னொட்டும் பின்னொட்டும்

ஒரு சொல்லின் முன்னாலோ பின்னாலோ சேர்ந்து புதிய சொல்லை உண்டாக்கும், தனித்து இயங்காத சிறு உறுப்பு 'ஒட்டு' எனப்படும். சொல்லின் முன் சேர்வது முன்னொட்டு. பின் சேர்வது பின்னொட்டு. ஆங்கிலத்தில் புதிய சொற்கள் உருவாகும் முதன்மையான வழிகளில் இது ஒன்று. ஒட்டுகளை அறிந்தவர், முன்பு பார்த்திராத சொல்லையும் பிரித்துப் பார்த்துப் பெரும்பாலும் பொருள் காணலாம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் பொருத்தமான ஒட்டைச் சேர்த்து எழுதும் பயிற்சி இடம்பெறுவதும் இதனால்தான்.

தமிழோடு ஓர் ஒப்பீடு

தமிழ் மாணவருக்கு இக்கருத்து புதிதன்று. நன்னூல் பகுபதத்தின் உறுப்புகளாகப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறைக் கூறுகிறது. 'படித்தான்' என்பதில் 'படி' பகுதி, 'ஆன்' விகுதி. ஆங்கிலத்தில் 'டீச்' பகுதி என்றால், 'டீச்சர்' என்பதன் 'அர்' விகுதி போன்றது.

வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ் பெரும்பாலும் சொல்லின் பின்னால் உறுப்புகளை அடுக்கும் மொழி. 'அவ்வீடு', 'இம்மரம்', 'எவ்வூர்' என வரும் சுட்டு, வினா எழுத்துகளைப் போன்ற சிலவே முன்னால் வருகின்றன. எதிர்மறையைக்கூட 'செய்யாத', 'வரவில்லை' எனப் பகுதிக்குப் பின்னரே வைக்கிறோம். ஆங்கிலமோ எதிர்மறையைப் பல இடங்களில் சொல்லின் தலையிலேயே வைத்துவிடுகிறது. வேகமாகப் படிக்கும் மாணவர் முதல் அசையைத் தவறவிட்டால், பொருள் நேரெதிராக மாறிவிடும்.

முன்னொட்டுகள்

முன்னொட்டு பொதுவாகப் பொருளை மாற்றும். சொல்லின் வகையை மாற்றாது. 'ஹேப்பி' உரிச்சொல், 'அன்ஹேப்பி'யும் உரிச்சொல்லே. அடிக்கடி வருபவை:

* அன்: எதிர்மறை. ஃபேர் – அன்ஃபேர்.
* ரீ: மறுபடி. ரைட் – ரீரைட்.
* ப்ரீ: முன். பெய்டு – ப்ரீபெய்டு.
* மிஸ்: தவறாக. அண்டர்ஸ்டாண்ட் – மிஸ்அண்டர்ஸ்டாண்ட்.
* இன்டர்: இடையே. நேஷனல் – இன்டர்நேஷனல்.
* சப்: கீழ். வே – சப்வே.

விதிவிலக்கும் உண்டு. 'லார்ஜ்' என்னும் உரிச்சொல்லின் முன் 'என்' சேர்ந்தால் 'என்லார்ஜ்' (பெரிதாக்கு) என்ற வினை பிறக்கிறது. 'ரிச்' – 'என்ரிச்' என்பதும் இவ்வாறே.

'அன்' என்பதற்கு இரண்டு வேலைகள். உரிச்சொல்லின் முன் வந்தால் 'அல்லாத' என்று பொருள். வினையின் முன் வந்தால் செய்ததைத் திருப்பிச் செய்தல் என்று பொருள். 'அன்லாக்' என்றால் பூட்டாமல் இருப்பது அன்று, பூட்டியதைத் திறப்பது.

ஒட்டுகள் படிப்படியாகவே சேரும். அம்பத்தூர், ஆவடி நிலையங்களில் ரயில் ஏறுவோர்க்குப் பழக்கமான 'அன்ரிசர்வ்டு' என்ற சொல்லைப் பார்ப்போம். முதலில் 'ரிசர்வ்' என்ற வினை. அதனோடு 'எட்' சேர்ந்து 'ரிசர்வ்டு' (முன்பதிவு செய்த). பிறகு 'அன்' சேர்ந்து 'அன்ரிசர்வ்டு' (முன்பதிவு செய்யாத). இதிலுள்ள 'ரி'யை 'மறுபடி' என்று கொள்ளக்கூடாது. லத்தீனில் அதற்குப் 'பின்னால்' என்ற பொருளும் உண்டு. பின்னால் எடுத்து வைத்துக் காப்பதே 'ரிசர்வ்'.

பின்னொட்டுகள்

பின்னொட்டு பெரும்பாலும் சொல்லின் வகையை மாற்றும்.

* பெயர்ச்சொல் ஆக்குபவை: கைண்ட் – கைண்ட்னெஸ், மூவ் – மூவ்மென்ட், சைல்ட் – சைல்ட்ஹுட்.
* உரிச்சொல் ஆக்குபவை: கேர் – கேர்ஃபுல், கேர்லெஸ், வாஷ் – வாஷபிள்.
* வினை ஆக்குபவை: மாடர்ன் – மாடர்னைஸ், வைட் – வைடன்.
* வினையடை ஆக்குபவை: ஸ்லோ – ஸ்லோலி.

'அர்' சேர்ந்தால் செய்பவர் என்று பொருள் என மனப்பாடம் செய்த மாணவர், சமையல்காரரைக் 'குக்கர்' என்று எழுதிவிடுவார். ஆங்கிலத்தில் சமைப்பவர் 'குக்'. 'குக்கர்' என்பது பாத்திரம். 'அர்' செய்பவரையும் குறிக்கும், செய்யும் கருவியையும் குறிக்கும். எந்தச் சொல்லில் எது என்பதை வழக்கே முடிவு செய்கிறது.

ஆவடித் தீர்மானம்: ஒரு பின்னொட்டின் எடை

பின்னொட்டு பொருளை எவ்வளவு நுட்பமாக மாற்றும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு வரலாற்றுச் சான்று உள்ளது. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. நாட்டின் பொருளாதாரக் குறிக்கோளைக் கூறிய அதன் புகழ்பெற்ற தீர்மானத்தில் இருந்த தொடர் 'சோஷலிஸ்டிக் பேட்டர்ன் ஆஃப் சொசைட்டி' என்பதாகும்.

அச்சொல்லைப் பிரித்தால், 'சோஷல்' (சமூகம் சார்ந்த) என்பதோடு 'இஸ்ட்' சேர்ந்து 'சோஷலிஸ்ட்' (சமதர்மவாதி, சமதர்மம் சார்ந்த) ஆகிறது. அதன்மேல் 'இக்' சேர்ந்து 'சோஷலிஸ்டிக்' ஆகிறது. இங்கு 'இக்' தரும் பொருள் 'அத்தன்மை கொண்ட, அந்தப் பாங்கான' என்பது. ஆகவே 'சோஷலிஸ்ட்' என்றால் சமதர்மம். 'சோஷலிஸ்டிக்' என்றால் சமதர்மப் பாங்கு. ஓரசைதான் வேறுபாடு. ஆனால் முழுமையான சமதர்மமா, அதன் சாயல் மட்டுமா என்ற கேள்விக்கு அந்த ஓரசை இடம் தருகிறது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் ஆவணத்தில் 'சோஷலிஸ்ட் பேட்டர்ன்' என்ற வடிவம் இடம்பெற்றது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பின் முகப்புரையில் சேர்ந்ததும் 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லே.

ஒலியும் எழுத்தும் மாறுதல்

'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறது. வரும் எழுத்துக்கு ஏற்ப மெய் திரிகிறது. ஆங்கிலத்தின் 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டும் இவ்வாறே திரியும்.

* பாசிபிள் – இம்பாசிபிள்
* லீகல் – இல்லீகல்
* ரெகுலர் – இர்ரெகுலர்
* கரெக்ட் – இன்கரெக்ட் (திரிபு இல்லை)

சில இடங்களில் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறும். 'எலெக்ட்ரிக்' என்பதில் 'க்' என ஒலிக்கும் 'சி' எழுத்து, 'எலெக்ட்ரிசிட்டி' என்பதில் 'ஸ்' என ஒலிக்கிறது. வேறு சில இடங்களில் எழுத்து மாறும். 'ஹேப்பி' என்பதன் இறுதியில் உள்ள 'ஒய்', 'ஹேப்பினெஸ்' ஆகும்போது 'ஐ' ஆகிறது. 'நிறைந்த' எனப் பொருள்படும் 'ஃபுல்' தனிச்சொல்லாக வரும்போது அதில் 'எல்' இரண்டு. பின்னொட்டாக வரும்போது ஒன்றே. தேர்வில் மதிப்பெண் குறையும் இடங்களில் இவையும் உண்டு.

ஏமாற்றும் ஒட்டுகள்

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செல்வோர் கண்டிருப்பர். 'இன்' என்றால் எதிர்மறை என்று மட்டும் படித்தவர், இதற்குத் 'தீப்பிடிக்காதது' என்று பொருள் கொள்ள வாய்ப்புண்டு. உண்மைப் பொருள் 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்பது. இங்குள்ள 'இன்' லத்தீனில் 'உள்ளே' எனப் பொருள்படும் வேறொரு முன்னொட்டு. 'இன்ஃப்ளேம்' (தீமூட்டு) என்ற வினையோடு 'அபிள்' சேர்ந்து உருவான சொல் இது. இக்குழப்பம் உயிருக்கே ஆபத்தானது என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தைப் பயன்படுத்த வலியுறுத்தத் தொடங்கியது. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காதது 'நான்ஃப்ளேமபிள்' எனப்படும். தொழிற்பேட்டைகளில் ரசாயன டிரம்களைக் கையாள்வோர் இதனை அறிந்திருத்தல் மிக அவசியம்.

'இன்வேல்யுவபிள்' என்பதும் 'மதிப்பற்றது' அன்று. 'விலைமதிப்பற்றது', அதாவது மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது.

இந்தியாவில் பிறந்தவையும் தழைத்தவையும்

ஒட்டுகளின் ஆற்றல் தாய்மொழியினருக்கு மட்டும் உரியதன்று. 'போஸ்ட்போன்' (தள்ளிவை) என்பதற்கு எதிராக 'ப்ரிபோன்' (முன்கூட்டி வை) என்ற சொல் இந்திய ஆங்கிலத்தில் பெருவழக்காகி, இன்று ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. தென்னிந்தியாவில் சகலையைக் 'கோபிரதர்' என்பர். ஆங்கிலத்தில் இல்லாத உறவுப்பெயரை 'கோ' என்ற முன்னொட்டு ஈடு செய்தது. 'அப்டேஷன்', 'அப்கிரேடேஷன்' ஆகியவையும் நம் அலுவலகங்களில் மிகுதியாக வழங்குபவை. வெளிநாட்டுத் தேர்வுகளில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் இவ்வழியில் பயன்பெற்றுள்ளது. கிரேக்கத்தில் 'தொலைவு' எனப் பொருள்படும் 'டெலி' என்பதற்குத் 'தொலை' அமைந்து, தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி ஆகியன தோன்றின. 'லஜி' என்பதற்கு 'இயல்' அமைந்து உயிரியல், உளவியல், சமூகவியல் எனப் பெருகியது.

கற்கும் முறை

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதன் குடும்பத்தை எழுதிப் பார்ப்பது பயன் தரும். 'கேர்' என்ற ஒரு சொல்லிலிருந்து கேர்ஃபுல், கேர்ஃபுல்லி, கேர்லெஸ், கேர்லெஸ்னெஸ் எனப் பல பிறக்கும். புதிய சொல்லைக் கண்டால் முதலில் பிரித்து, பொருளை ஊகித்து, அந்த ஊகம் வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியில் அகராதியில் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், பெட்ரோல் லாரியைத் தீப்பிடிக்காத வண்டி என்று எண்ணும் நிலை ஏற்படும்.