கப்பலில் தனிப் பந்தி

சொகுசுக் கப்பல் என்றதும் நள்ளிரவு வரை நீளும் பஃபேயும் கேக்கும் ஐஸ்கிரீமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே கப்பலில் ஏறி, பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாமல் நாள்கணக்கில் பயணம் செய்பவர்களும் உண்டு.

அமெரிக்காவின் மியாமியில் இயற்கை உணவுக் கடை நடத்திய சாண்டி புகல் அத்தகையவர்களுக்காகத் தொடங்கியது ‘ஹோலிஸ்டிக் ஹாலிடே அட் சீ’ என்ற குழுப் பயணம். இதற்கென்று தனிக் கப்பல் கிடையாது. 3,000 பேருக்கு மேல் ஏறும் ‘எம்எஸ்சி டிவினா’ போன்ற கப்பலில் குழுவாக இடம் பிடித்து, கரீபியன் தீவுகளைச் சுற்றிவந்தார்கள். குழுவுக்குச் சமையல் தனி, பந்தியும் தனி. தீட்டாத அரிசி, பருப்பு, காய்கறி, மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் என எண்ணெய் குறைந்த சாப்பாடு.

பகலில் யோகா, சமையல் வகுப்பு.

இந்தப் பயணத்தின் பெரிய பலம் உரைகள்தான். ‘தி சைனா ஸ்டடி’ நூலை எழுதிய ஊட்டச்சத்து அறிஞர் காலின் கேம்பெல், மருத்துவர்கள் மைக்கேல் கிரெகர், நீல் பர்னார்டு ஆகியோர் இதில் பேசியிருக்கிறார்கள். நூலை எழுதியவரிடமே நேரில் சந்தேகம் கேட்கும் வாய்ப்பு வேறெங்கே எளிதில் கிடைக்கும்?

சர்க்கரை நோய்க்கோ ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், இத்தகைய பயணத்துக்கு முன் தங்கள் டாக்டரைப் பார்ப்பது அவசியம். சாப்பாடு சட்டென்று மாறும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.